மூன்று, நான்கு, ஐந்தாம் வாரங்களுக்கு நேரே உள்ள டிக் குறிகள் பற்றி

பெயர் பெரியமுத்து. தகப்பனார் பெயர் சுடலைமாடன். வயது எழுபத்தொன்று. விலாசம் ஏலப்பாறை வழி, பனிக்கூடல் எஸ்டேட், கீழ் டிவிஷன், ஆறாம் லயம், நான்காம் வீடு. தொழில் தேயிலைக் கவாத்து வெட்டும் மருந்தடிப்பும், நாற்பத்தொரு வருடம். வேலையில் இருந்து நின்று பதின்மூன்று வருடம் ஆகிறது. மனைவி பெயர் அழகுத்தாய், வயது அறுபத்தாறு.

இன்று 2025 செப்டம்பர் 26, வெள்ளிக்கிழமை. காலை பத்து மணிக்கு நானாகவே ஸ்டேஷனுக்கு வந்தேன். யாரும் கூப்பிடவில்லை, யாரும் மிரட்டவில்லை. சிவில் போலீஸ் ஆபீசர் ஆனந்தி அவர்கள், நான் சொல்லச் சொல்லத் தாம் எழுதிக்கொள்வதாகச் சொன்னார். நானே தமிழில் எழுதித் தருகிறேன் என்று கேட்டேன். அவர், "எழுதுங்க, ஆனா இன்னைக்குள்ள முடிச்சிரணும்" என்று சொல்லி எட்டுத் தாளும் ஒரு பேனாவும் தந்தார். வேகமாக எழுத எனக்கு வராது. அடித்தல் திருத்தல் இருந்தால் அது எழுத்துத் தப்பினால் வந்தது, எதையும் மறைக்க அடித்தது அல்ல.

இதே வழக்கில் 20ஆம் தேதி ஆஸ்பத்திரி வார்டில் வைத்து நான் ஒரு வாக்குமூலம் கொடுத்திருக்கிறேன். அது பொய். எந்த இடத்தில் பொய் என்பதை அந்த இடம் வரும்போது எழுதுகிறேன். அந்தப் பொய்யினால் பிசியோ வேலை பார்க்கும் மோனிஷா என்ற பெண்ணை ஆஸ்பத்திரியில் வேலைக்கு வர வேண்டாம் என்று நிறுத்தி வைத்திருக்கிறார்கள். அவருடைய ஒப்பந்தம் இந்த மாதம் 30ஆம் தேதி முடிகிறது. அதற்குள் விசாரணை தீராவிட்டால் திரும்ப எடுக்க மாட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். இன்னும் நான்கு நாள்தான் இருக்கிறது. அதனால் வந்தேன்.

இந்த வருடம் ஜூன் 11ஆம் தேதி காலையில் தண்ணீர்க் குழாயடியில் வைத்து என் மனைவிக்கு இடது கையும் இடது காலும் விழுந்துபோயின. வாதம் என்று டவுன் ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அங்கே கொஞ்ச நாளும் வீட்டில் கொஞ்ச நாளுமாக இரண்டு மாதம் போனது. அதன் பிறகு ஆகஸ்ட் 19ஆம் தேதியில் இருந்து செவ்வாயும் சனியும் அந்த ஆஸ்பத்திரி ஜீப்பில் மோனிஷா எங்கள் வீட்டுக்கு வரத் தொடங்கினார். அவர் மருந்து எழுதுகிறவர் அல்ல, ஊசி போடுகிறவரும் அல்ல. கை கால்களுக்குப் பயிற்சி கொடுக்கிறவர். லயத்தில் எல்லோரும் சிஸ்டர் என்றே கூப்பிட்டார்கள். முதல் வாரம் "நான் சிஸ்டர் இல்ல, பிசியோ" என்று வாசலுக்கு வாசல் சொல்லிக்கொண்டு வந்தார். அடுத்த வாரம் விட்டுவிட்டார்.

மோனிஷா சிலேட்டு மாதிரி ஒரு டேப் வைத்திருப்பார். ஆஸ்பத்திரியில் உள்ள கம்ப்யூட்டருக்குப் போகும் விவரங்களை எல்லாம் அதில்தான் பதிய வேண்டும். பயிற்சி கொடுக்க இருபது நிமிடம் ஆனால், பதிய இருபது நிமிடம் ஆகும். கட்டம் கட்டமாகக் கேள்வி வரும். கை எவ்வளவு தூக்கினார், எத்தனை அடி நடந்தார், வலி எத்தனை, விழுந்தாரா இல்லையா என்று. டாக்டருக்கு ஒரு பக்கம், நர்சுக்கு ஒரு பக்கம், இவரைப் போன்றவர்களுக்குக் கடைசியில் ஒரு பக்கம் உண்டாம். "என் பக்கத்த யாரு தாத்தா தொறந்து பாக்கா" என்று ஒரு நாள் சொன்னார். சொல்லிக்கொண்டே எல்லாக் கட்டத்தையும் நிரப்பினார். ஒன்றையும் விட்டதை நான் பார்த்ததில்லை.

முதல் நாள் கேள்விகளில் ஒன்று, நோயாளியைக் கவனிக்கிறவருக்குப் படிக்கத் தெரியுமா என்பது. அதை அவர் தமிழில் என்னிடம்தான் கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் என் மகன் ஈஸ்வரன், "தெரியாது சிஸ்டர், இவரு கைநாட்டு" என்று சொன்னான். ஈஸ்வரனுக்கு வயது நாற்பத்து நான்கு, எஸ்டேட் பாக்டரியில் டிரையரில் வேலை. மோனிஷா "இல்லை" என்ற கட்டத்தைத் தொட்டார். "இல்லை" என்று போட்டால் கம்ப்யூட்டர் படம் போட்ட தாள்தான் கொடுக்கும். ஒரு வாரத்துக்கு ஒரு படம். ஒரு மனுசி கட்டிலில் உட்கார்ந்து காலை நீட்டுகிற மாதிரி. அதைப் பார்த்துத்தான் முதலில் செய்தோம்.

என் மகன் சொன்னது அன்றைக்குச் சரி அல்ல. இரண்டு வருடமாக எஸ்டேட் கிரெச்சில் சாட்சரதா என்கிற எழுத்தறிவு வகுப்பு நடக்கிறது. செவ்வாயும் வெள்ளியும் மத்தியானம் இரண்டு மணிக்கு. செபமாலையம்மாள் என்கிற டீச்சர் தமிழ் சொல்லிக்கொடுக்கிறார். கிரெச்சில் பிள்ளைகள் உறங்குகிற நேரம் அது, அதனால் பதினோரு பேரும் முணுமுணு என்று மெதுவாகத்தான் வாசிக்க வேண்டும். பரீட்சை வரைக்கும் நான் ஒரு வகுப்பும் விட்டதில்லை. இந்த வருடம் ஏப்ரலில் நாலாம் வகுப்புக்குச் சமமான நாலாந்தரப் பரீட்சை எழுதி ஜெயித்தேன். ஈஸ்வரனுக்கு அது தெரியும். "அ, ஆ போடுறதுக்குப் பேரு படிப்பா" என்று சிரிப்பான். கெட்ட எண்ணத்தில் அல்ல. பாக்டரியில் இருந்து வருகிறவனுக்கு ஏதாவது சிரிக்க வேண்டுமே.

செப்டம்பர் 2ஆம் தேதி செவ்வாய்க்கிழமை, மகன் வேலைக்குப் போயிருந்தபோது, அந்தக் கட்டத்தை மாற்றச் சொல்லி மோனிஷாவிடம் கேட்டேன். "நெசமாவா தாத்தா? எங்க, எதையாவது வாசிங்க பாப்போம்" என்றார். அழகுத்தாய்க்குத் தேய்க்கிற தைலக் குப்பியை எடுத்து, அதன் மேல் இருந்ததை வாசித்தேன். வெளிப்பூச்சுக்கு மட்டும். குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்கவும். குளிர்ந்த இடத்தில் வைக்கவும். மூன்று வரியும் தப்பில்லாமல் வந்தது. மோனிஷா கை தட்டினார். கட்டிலில் இருந்து அழகுத்தாய், "குப்பிய வச்சிரும், உள்ளாற இருக்கிறது ஊத்திறப் போவுது" என்றாள். அதன் பிறகு மோனிஷா டேப்பை என் பக்கம் திருப்பிக் காட்டி, "இல்லை" என்பதை "ஆம்" என்று மாற்றினார். எழுத்து இங்கிலீஷ், எனக்கு வாசிக்க வராது. இருந்தாலும் அவர் விரல் போன இடத்தை நான் பார்த்துக்கொண்டேன். அன்று சாயங்காலம் வரைக்கும் எனக்கு வேறு எண்ணம் இல்லை. இந்த வழக்குக்கு வேர் அந்த இடம்தான், அதனால் எழுதுகிறேன்.

"ஆம்" என்று போட்டதனால் கம்ப்யூட்டர் படத்தாளை நிறுத்திவிட்டது. எழுத்துத் தாளில் ஆறு வாரப் பயிற்சியும் ஒன்றாகத்தான் வருமாம். அதுவும் இங்கிலீஷிலும் மலையாளத்திலும்தான் இருந்ததால், மோனிஷா தானே உட்கார்ந்து தமிழில் டைப் செய்து, அச்செடுத்து, 6ஆம் தேதி சனிக்கிழமை கொண்டுவந்து தந்தார். வாரம் ஒன்று, வாரம் இரண்டு என்று ஆறு பத்தி. இரண்டாவது வாரம் வாக்கரைப் பிடித்துக்கொண்டு இருபது அடி. ஐந்தாவது வாரம் வாக்கர் இல்லாமல், கை எதையும் பிடிக்காமல், நாற்காலியில் இருந்து எழுந்து நிற்பது. தாளைக் கட்டிலுக்கு மேலே ஆணியில் மாட்டினோம். "நான் எதுக்கு நேரா டிக் போடறனோ அதுவரைக்கும்தான் செய்யணும் தாத்தா, அதுக்கு மேல ஒண்ணு கூடாது" என்று அவர் என்னிடமும் அழகுத்தாயிடமும் ஈஸ்வரனின் மனைவி ஆர்த்தியிடமும் தனித்தனியாகச் சொன்னார். 6ஆம் தேதி ஒன்றாவது வாரத்துக்கு டிக் போட்டார். 13ஆம் தேதி இரண்டாவது வாரத்துக்குப் போட்டார். அவர் போட்டது அந்த இரண்டு டிக்தான்.

செப்டம்பர் 16ஆம் தேதி செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஒன்று பத்துக்கு மோனிஷா வந்தார். ஆர்த்தி ரிசார்ட்டில் அறை சுத்தம் செய்கிற வேலை பார்க்கிறாள், அன்று அவளுக்கு லீவு, துணி துவைக்கப் போயிருந்தாள். அழகுத்தாய் வாக்கரைப் பிடித்து இருபது அடி நடந்தாள். விழவில்லை. அதன் பிறகு மோனிஷா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து டேப்பில் பதியத் தொடங்கினார். எனக்கு வகுப்புக்கு இன்னும் நேரம் இருந்தது. சும்மா இருக்கப் பிடிக்காமல் ஆணியில் இருந்து தாளை எடுத்து மூன்றாம் வாரத்தை வாசித்தேன். தடங்கல் இல்லாமல் வந்தது. "பேனா குடு புள்ள" என்றேன். அவர் தலை நிமிராமல் பையில் இருந்து எடுத்துக் கொடுத்தார். மூன்றாம் வாரத்துக்கு நேரே நான் ஒரு டிக் போட்டேன். அதன் பிறகு நான்காம் வாரத்தை வாசித்து ஒரு டிக் போட்டேன். அதன் பிறகு ஐந்தாம் வாரம், அதற்கும் ஒன்று. ஆறாம் வாரத்தில் சேர்ந்து சேர்ந்து வரும் நீளமான சொற்கள் இருந்தன, நாளைக்கு வாசிக்கலாம் என்று விட்டேன். அவர் டேப்பில் எழுதினார், நான் தாளில் எழுதினேன். பேனாவைத் திருப்பிக் கொடுத்தேன். தாளை ஆணியில் மாட்டினேன்.

ஏன் போட்டேன் என்று கேட்டால், எஸ்டேட்டில் நாற்பத்தொரு வருடம் காலையில் ஆள் கணக்கெடுக்கிற மஸ்டரில் நின்றிருக்கிறேன். கணக்கப்பிள்ளை செக்ரோலில் என் பெயருக்கு நேரே டிக் போடுவார். டிக் விழுந்தால் ஆள் வந்தாயிற்று, அந்த நாள் முடிந்தது என்று அர்த்தம். அந்தப் புத்தகத்தில் என் பெயர் எது என்றுகூட எனக்குத் தெரியாது, டிக் மட்டும் தெரியும். நான் வாசித்து முடித்ததற்கு நானே டிக் போட்டுக்கொண்டேன். மோனிஷாவின் டிக்குக்கு வேறு அர்த்தம் என்று எனக்குச் சொல்லியிருந்தார். தெரியும். அந்த நேரத்தில் அது மனதில் வரவில்லை. மனதில் வந்தது வாசித்துவிட்டோம் என்பது மட்டும்தான்.

ஒன்று ஐம்பதுக்கு மோனிஷாவும் நானும் சேர்ந்து வீட்டை விட்டு இறங்கினோம். இரண்டு மணிக்குக் கிரெச் வாசலில் அவர் தண்ணீர் வாங்கிக் குடித்தார். செபமாலையம்மாள் டீச்சரும் பார்த்தார், விசாரிக்கலாம். அதன் பிறகு அவர் ஆஸ்பத்திரி ஜீப் நிற்கும் சிலுவைமுக்குக்கு மேலே ஏறிப் போனார், நான் வகுப்புக்குள் போனேன்.

சாயங்காலம் செய்ய வேண்டிய இரண்டாம் தடவைப் பயிற்சியை வகுப்பு முடிந்து வந்து நான்தான் எப்போதும் செய்ய வைப்பேன். அன்று ஆர்த்தி துணியைக் காயப் போட்டுவிட்டு வந்தவள், மாமாவுக்கு ஒரு வேலை குறையட்டும் என்று நினைத்துத் அப்போதே தானே செய்ய வைத்திருக்கிறாள். தாளைப் பார்த்திருக்கிறாள். ஐந்து டிக் இருந்திருக்கிறது. அழகுத்தாய், "அந்தப் புள்ள இதெல்லாம் இன்னும் சொல்லலியே" என்று கேட்டிருக்கிறாள். "டிக் போட்டிருக்காங்க அத்தை, இன்னைக்குத்தான் போட்டுருப்பாங்க" என்று ஆர்த்தி சொல்லியிருக்கிறாள். வாக்கரைத் தள்ளி வைத்துவிட்டு நாற்காலியில் இருந்து எழுப்பியிருக்கிறாள். எழுந்து நின்றாளாம். மூன்று எண்ணும் வரைக்கும் நின்றாள் என்று ஆர்த்தி சொல்கிறாள். அதன் பிறகு இடது பக்கமாக விழுந்தாள். இடுப்பு எலும்பு முறிந்தது. இதில் ஆர்த்தி மேல் ஒரு தப்பும் இல்லை. அவளுக்குச் சொல்லப்பட்டபடி அவள் செய்தாள்.

விழுந்தது இரண்டே காலுக்கு. எஸ்டேட் டிஸ்பென்சரிப் புத்தகத்தில் ஆள் வந்து சொன்ன நேரம் 2.25 என்று இருக்கிறது. என்னை வகுப்பில் இருந்து கூப்பிட்டார்கள். டிஸ்பென்சரி ஜீப்பில் பாக்டரி ரோடு வழியாக டவுனுக்குக் கொண்டுபோனோம். மோனிஷா போனது சிலுவைமுக்கு வழி. அது மலைக்கு அந்தப் பக்கம். விழுந்த விவரம் அவருக்குத் தெரிந்திருக்க வழி இல்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் எப்படி விழுந்தார் என்று கேட்டார். ஆர்த்தி அழுதுகொண்டே தாளில் டிக் இருந்ததைச் சொன்னாள். ஈஸ்வரன், "அப்ப அந்தப் பிசியோ போட்ட டிக்காலதான்" என்றான். நான் அவர்களுக்குப் பின்னால் வாக்கரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். அவசரத்தில் அதையும் ஜீப்பில் ஏற்றியிருந்தார்கள். எனக்கு அந்த நிமிடமே தெரிந்துவிட்டது. நான் பேசவில்லை. அன்று இரவு வீட்டுக்கு வந்து ஆணியில் இருந்து தாளை எடுத்து நான்காக மடித்து என் வகுப்பு நோட்டுக்குள் வைத்தேன். மறுநாள் ஈஸ்வரன் தாளைக் கேட்டான். தூக்கிக்கொண்டு ஓடுகிற அவசரத்தில் எங்கேயோ விழுந்துபோனது என்று சொன்னேன். 18ஆம் தேதி அவன் இந்த ஸ்டேஷனில் புகார் கொடுத்தான். டிக் யார் போட்டது என்று அவனுக்கு அன்று தெரியாது. தெரிந்திருந்தால் கொடுத்திருக்க மாட்டான்.

20ஆம் தேதி ஆனந்தி அவர்கள் வார்டுக்கு வந்து கேட்டபோது, ஐந்து டிக்கையும் மோனிஷாதான் போட்டார் என்று சொன்னேன். அது பொய். கையெழுத்துப் போடத் தெரியுமா என்று கேட்டார். தெரியாது என்று சொன்னேன். அதுவும் பொய். மைப்பெட்டியில் பெருவிரலை வைத்துக் கைநாட்டு வைத்தேன். அன்று வரைக்கும் சர்க்கார் தாள் எதிலும் நான் என் பெயரை எழுதியதில்லை. முதல் தடவை எழுதுகிற பெயரை ஒரு பொய்க்குக் கீழே எழுத மனம் வரவில்லை. வேறு காரணம் இல்லை. எழுதப் படிக்கத் தெரியாதவர் என்று அவர் அந்தத் தாளில் எழுதிக்கொண்டார்.

அதனால் என்ன ஆகும் என்று நான் யோசிக்கவில்லை. 22ஆம் தேதி ஈஸ்வரன் ஆஸ்பத்திரி ஆபீசுக்குப் போய்விட்டு வந்து வார்டு வராந்தாவில் வைத்து என்னிடம் சொன்னான். "யப்பா, அவ மாட்டிக்கிட்டா. கம்ப்யூட்டர்ல மூணு பொய் இருக்கு" என்றான். ஒன்று, அம்மா விழுந்தது 2.15, விழவில்லை என்று அவள் பதிந்த நேரம் 2.40. விழுந்த பிறகு உட்கார்ந்து மாற்றி எழுதியிருக்கிறாள். இரண்டு, தாளில் ஐந்து டிக், கம்ப்யூட்டரில் இரண்டாவது வாரம் என்றுதான் இருக்கிறது. மூன்றாவது, "உங்களுக்குப் படிக்கத் தெரியும்னு போட்டிருக்கா, நீங்க போலீஸ்ல கைநாட்டு வச்சிருக்கீங்க. முதல் நாள் இல்லைன்னு போட்டு அப்புறம் மாத்திருக்கா, அதுவும் அதுல தெரியுது. படத்தாள் குடுக்கச் சோம்பேறித்தனம்" என்றான். யாரும் திறந்து பார்க்காத பக்கத்தை இப்போது எல்லோரும் திறந்து பார்க்கிறார்கள். நான் அந்த வராந்தா இரும்பு நாற்காலியில் உட்கார்ந்தவன் சாப்பாட்டு மணி அடித்த பிறகும் எழுந்திருக்கவில்லை.

23ஆம் தேதி அழகுத்தாய்க்கு ஆபரேஷன் முடிந்து இரண்டாம் நாள். கொஞ்சம் பேசினாள். வாய் ஒரு பக்கம் இழுத்திருப்பதால் மெதுவாகத்தான் வரும். "அந்தப் புள்ளய ஏன் காணோம், செவ்வாக்கிழமதான இன்னைக்கு" என்று கேட்டாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். டிக்கைச் சொன்னேன், தாளைச் சொன்னேன், கைநாட்டைச் சொன்னேன். அவள், "எங் கால் வெரலு ஒவ்வொண்ணாப் புடிச்சு இது அசையுதா ஆத்தா, இது அசையுதான்னு கேட்டா. பெத்தது கேக்கல. அவளப் போயி... நீரு வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்தீரு" என்று கேட்டாள். "அவ வேலைய வாங்கிக் குடுத்துட்டு வந்து எம் மூஞ்சில முழியும்" என்று சொல்லி, திரும்பிப் படுக்க முடியாததால் கண்ணை மூடிக்கொண்டாள். அன்றிலிருந்து கஞ்சியை ஆர்த்தி கொடுத்தால்தான் குடிக்கிறாள்.

நேற்று 25ஆம் தேதி மகனிடமும் மருமகளிடமும் சொன்னேன். ஈஸ்வரன், "இப்பப் போயிச் சொன்னா உங்களத்தான் உள்ள வைப்பாங்க" என்று ஒரு தடவை சொன்னான். ஆர்த்தி, "அப்ப அந்த டிக் உங்களோடதா மாமா" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். ஒன்பது நாளாக அவள் சரியாகச் சாப்பிடவில்லை. பாத்திரத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனாள். கழுவின பாத்திரத்தையே மறுபடியும் கழுவிக்கொண்டு வெகுநேரம் நின்றாள். இன்று காலை பஸ்ஸுக்கு அவள்தான் என்னுடன் வந்தாள். வெளியே பெஞ்சில் இருக்கிறாள்.

ஈஸ்வரன் கேட்டுவந்த மூன்றுக்கும் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

நேரத்தைப் பற்றி. எங்கள் லயம் இருக்கிற பள்ளத்தில் சிக்னல் கிடையாது. யாருக்குப் போன் பேச வேண்டும் என்றாலும் சிலுவைமுக்கு வளைவுக்கு ஏற வேண்டும், ஏற முக்கால் மணி நேரம் ஆகும். மோனிஷா வீட்டில் வைத்துப் பதிவது டேப்பிலேயே நிற்கும். ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். ஆகஸ்ட் 30ஆம் தேதி சனிக்கிழமை நான் அவருடைய பையைச் சுமந்துகொண்டு சிலுவைமுக்கு வரைக்கும் போனேன். அங்கே ஆஸ்பத்திரி ஜீப் நிற்கும் இடத்தில் வட்டம் நின்றது. "பாருங்க தாத்தா, இப்பத்தான் ஏறுது. இந்த நேரத்தத்தான் அது எழுதிக்கும், என்னத்தச் சொல்ல" என்று காட்டினார். எண்களை நான் வாசித்தேன், 2.35. வேலை முடிந்தது ஒன்று ஐம்பதுக்கு. எங்கள் டிவிஷனுக்கு அவர் வந்த எல்லா நாட்களின் பதிவையும் எடுத்துப் பார்த்தால் இதே முக்கால் மணி நேர வித்தியாசம் தெரியும். 16ஆம் தேதி மட்டும் அல்ல.

டிக்கைப் பற்றி. அந்தத் தாளை இத்துடன் கொடுக்கிறேன். நான்காக மடித்ததால் மடிப்பில் கொஞ்சம் கிழிந்திருக்கிறது, மற்றபடி நான் ஒன்றும் செய்யவில்லை. மை ஒன்றுதான், பேனா அவருடையது. ஆனால் மோனிஷா கீழே சின்னதாகத் தொடங்கி மேலே நீளமாக இழுத்துவிடுவார், பேனா தாளில் பட்டதும் தெரியாது. நான் மேலே இருந்து நீளக் கோட்டைக் கீழே இறக்கி, நிறுத்தி, அதன் பிறகு சின்னக் கோடு போடுவேன். அழுத்திப் போடுவேன். தாளின் பின்பக்கம் விரலால் தடவிப் பார்த்தால் மூன்று இடத்தில் மேடு தட்டுப்படும், இரண்டு இடத்தில் தட்டுப்படாது. ஒத்துப் பார்க்க இங்கேயும் மூன்று டிக் போடுகிறேன்.

✓   ✓   ✓

படிக்கத் தெரியுமா என்ற கட்டத்தைப் பற்றி. அதில் "ஆம்" என்று இருப்பது சரி. மோனிஷா சோம்பலால் மாற்றவில்லை. நான் கேட்டு, வாசித்துக் காட்டி, அதன் பிறகு மாற்றினார். அதற்கு வேறு சாட்சி என் மனைவி. அவள் பேச முடியாவிட்டால் இந்த ஏழு தாளையும் பார்த்துக்கொள்ளவும்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது பாரா நிற்கும் போலீஸ்காரர் இரண்டு தடவை வந்து, "பெரியவரே, பரீட்ச இன்னும் முடியலியா" என்று கேட்டார். ஒரு தடவை டீ கொண்டுவந்து வைத்தார். விரல் வலிக்கிறது. இரண்டு வருடமாக வகுப்பில் எழுதினேன், ஒரு நாளும் விரல் வலித்தது தெரியவில்லை. எப்போதாவது சர்க்காருக்கு ஒரு பெரிய தாள் நிறைய எழுதிக் கொடுக்க வேண்டும் என்று டீச்சரிடம் சொல்லியிருக்கிறேன். தெரு விளக்கு கேட்டு எழுதலாம் என்று நினைத்திருந்தேன்.

என் மேல் என்ன நடவடிக்கை எடுப்பதானாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. மோனிஷாவை 30ஆம் தேதிக்கு முன்னால் வேலையில் சேர்க்க இந்தத் தாள்களின் நகலை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவைக்கக் கேட்டுக்கொள்கிறேன். என் மனைவிக்குத் திரும்பவும் பயிற்சி தொடங்கும்போது அவரே வர வேண்டும் என்று அவள் சொல்கிறாள். அதை நான் கேட்க முடியாது, அது அவருடைய இஷ்டம்.

மேலே எழுதியது எல்லாம் நான் பார்த்ததும் செய்ததும். ஆர்த்தி சொல்லிக் கேட்டது எது என்பதை அந்தந்த இடத்திலேயே எழுதியிருக்கிறேன். முதலில் இருந்து கடைசி வரை நானே ஒரு தடவை வாசித்துப் பார்த்தேன். பொய் இல்லை. கைநாட்டு வைக்கவில்லை, மைப்பெட்டி வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

சு. பெரியமுத்து

மேற்கண்ட ஏழு பக்கங்களும் எனது முன்னிலையில் பெரியமுத்து என்பவர் தன் கைப்பட எழுதியவை. தொடங்கிய நேரம் காலை 10.20, முடித்த நேரம் மதியம் 2.35. பயிற்சித் தாள் ஒன்று பெற்றுக்கொள்ளப்பட்டது. பின்பக்கம் தடவிப் பார்த்ததில் மூன்று இடங்களில் அழுத்தம் தெரிகிறது. 20.09.2025 தேதியிட்ட வாக்குமூலத்தில் "எழுதப் படிக்கத் தெரியாதவர்" என்று என்னால் எழுதப்பட்டது தவறு. "தெரிந்தவர்" என்று திருத்தப்படுகிறது. நகல் இன்றே ஆஸ்பத்திரிக்கு.

ஆனந்தி, சி.பி.ஓ.
26.09.2025